மூச்சைப் பிடிக்கச் சொன்ன குரல்

அன்பார்ந்த பொதுமக்களுக்கும், குறிப்பாகச் சென்னையில் சிநேகிதர்களோடு வாடகை அறையில் குடியிருக்கும் என் மகனுக்கும் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், பெரம்பலூர் மைக் செட் கடைக்காரரும் உனக்கு அப்பனுமாகிய நான், இன்று ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு முழு இட்லியைச் சாப்பிட்டு முடித்தேன். சட்னி உண்டு. விக்கல் இல்லை. விழாவுக்கு வந்திருந்த ஒரே ஒரு காக்கை மதில்மேல் அமர்ந்து நிகழ்ச்சியைச் சிறப்பித்தது. நன்றி, வணக்கம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ "எப்புடிப்பா இருக்கீங்க?" என்று கேட்டதுமே எனக்கு வாயில் ஒரு தமாஷ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்தத் தொண்டையில் சோறு இறங்கத்தான் கஷ்டம், தமாஷ் ஏற ஒரு தடையும் இல்லை. நீ சிரிக்கிறாய், நான் சிரிக்கிறேன், வைத்துவிடுகிறோம். வைத்த பிறகு இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை என்று தெரிகிறது. அதனால்தான் கடிதம். கவரை ஒட்டாமலே சென்னை பஸ்ஸில் கொடுத்தனுப்பப்போகிறேன். ஊர் கேட்காத எதையும் நான் பேசிப் பழகியவன் இல்லை. கொண்டுவருகிறவர் படித்தாலும் சரி, உன் அறைக்காரர்கள் படித்தாலும் சரி. கல்யாணம் ஆகப்போகிற எந்தப் பையன் படித்தாலும் நஷ்டமில்லை.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். வருகிற வியாழக்கிழமை திருச்சியில் எனக்கு மறுபடியும் ஸ்கேன். எனக்குள் இருக்கும் கட்டி சுருங்கியிருக்கிறதா, வளர்ந்திருக்கிறதா என்று அது சொல்லும். சுருங்கியிருந்தால் ஆபரேஷன். இல்லையென்றால் ஆபரேஷன் இல்லை. இல்லை என்பதற்கு என்ன அர்த்தம் என்று நானும் டாக்டரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போன வாரம் எடுத்த ஸ்கேன் கலங்கிப் போய்விட்டது. அதைக் கேட்டதும் நீ போனில், "அவங்க மெஷின் சரியில்லப்பா, நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன், நீங்க சென்னைக்கு வந்துடுங்க, கல்யாணத்த தைக்குத் தள்ளி வச்சிடலாம்" என்றாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். பதில் சொல்ல உட்கார்ந்து, எழுந்து, ஆம்ப்ளிஃபயரைத் துடைத்து, மறுபடி உட்கார்ந்து, வயர்களைச் சுருட்டி, சுருட்டியதைப் பிரித்து, இப்போதுதான் இவ்வளவு எழுதியிருக்கிறேன். கைக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

ஊருக்கெல்லாம் ஸ்பீக்கர் குழாய் கட்டியவன் நான். வேப்பமரம், கோயில் மதில், பஞ்சாயத்துத் தண்ணீர்த்தொட்டி என்று நான் ஏறிக் குழாய் கட்டாத உயரம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. எந்தக் குழாய் கரகரத்தாலும் இறக்கித் தட்டிப் பார்த்துவிடுவேன். எனக்குள்ளே ஓடுகிற உணவுக்குழாய் அடைக்க ஆரம்பித்தபோது மட்டும் தட்டிப் பார்க்கவில்லை, வித்தை காட்டினேன். முதலில் கறித்துண்டு நின்றது. பிறகு சோற்றுருண்டை. நான் என்ன செய்தேன்? பேசிக்கொண்டே இலையை ஒதுக்குவேன், சிரிப்பு மூட்டிவிட்டு, சிரிக்கிறவர்கள் கண்ணை மூடும் நேரத்தில் வடையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். பந்தியில் என்னோடு உட்கார்ந்தவர் அத்தனை பேரும் நான் நன்றாகச் சாப்பிட்டதாகச் சத்தியம் செய்வார்கள். உன் அம்மாவை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. துணி துவைக்கிறவளை எவனால் ஏமாற்ற முடியும்? ஒருநாள் என் சட்டையைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். "ஏங்க, உங்க சட்டைப்பைக்கு என்ன அவ்வளவு பசியா? தெனமும் எண்ணெ வடியுது?" நான், "அதுவும் நம்ம வூட்டு ஆளுதானே, சாப்புட்டுட்டுப் போவட்டும்" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரிக்காமல் இரண்டு அறை கொடுத்திருந்தால் சில மாதம் மிச்சமாகியிருக்கும்.

மாட்டிக்கொண்டது உன் நிச்சயதார்த்தத்தில். கங்கைகொண்ட சோழபுரத்தில் உன் மாமனார் வீட்டில், அவர் தோப்பு முந்திரியை நெய்யில் வறுத்து, தட்டு நிறைய என் முன்னாலேயே வைத்தார். "எடுத்துக்குங்க சம்பந்தி, நம்ம மரத்துது." அவர் கண்ணை எடுக்கவே இல்லை. பைக்குள் தள்ள வழியில்லை. வாயில் போட்டேன், மென்றேன், விழுங்கினேன். பாதி வழியில் நெஞ்சுக்குள் நின்றுகொண்டது. எழுந்து பின்பக்கம் முந்திரித் தோப்புக்குள் நான் ஓடியதும், எல்லோரும் நான் ஏதோ கூத்து காட்டுவதாக நினைத்துச் சிரித்ததும், நீ மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்ததும் உனக்கு நினைவிருக்கும். மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்ற என் முதுகை நீ தடவினாய். உன் பின்னாலேயே சொம்புத் தண்ணீரோடு வந்த உன் மாமனார் சொம்பை என்னிடம் நீட்டிவிட்டு, "எத்தன நாளா இருக்கு?" என்று கேட்டார். சரியான விவசாயி. மாடு தீனி எடுக்காவிட்டாலும் அதையேதான் கேட்பார்.

பிறகு டாக்டர் குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்து அனுப்பி, கேன்சர் என்றார். வெள்ளைக்காரன் பேரிலேயே 'சர்' பட்டம் கொடுத்து அனுப்பிய வியாதி, மரியாதையாக நடத்தவேண்டும் என்று நான் சொன்னேன். நீ அறையை விட்டு வெளியே போய்விட்டாய். அந்தச் செய்தி தெரிந்த அன்றே சம்பந்திக்குச் சொல்லியனுப்பினோம், அவர்களுக்கு மனம் மாறினால் தப்பில்லை என்றும் சொன்னோம். அவர் நேரே பஸ் ஏறி வந்து, கடை வாசலில் நின்றபடியே சொன்னார்: "சம்பந்தி, நீங்க முந்திரிய முழுங்காம இருக்கலாம். நாங்க குடுத்த வார்த்தைய முழுங்க மாட்டோம்." வாழ்நாள் முழுக்க வாயால் பிழைத்தவன் நான், அன்றைக்கு அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட மட்டும்தான் தெரிந்தது. இப்படிப்பட்ட மனிதரிடம் போய்த் தைக்குத் தள்ளி வைக்கலாமா என்று கேட்கச் சொல்கிறாயே, உனக்கு மனசு எப்படி வருகிறது? ஆவணி முகூர்த்தம் ஆவணியிலேயே நடக்கும்.

முதல் ஸ்கேனுக்கு நீ கூட வந்தாய். புது மெஷின், பழைய மெஷினைவிட மெல்லிசாக வெட்டும், எல்லாப் படத்தையும் ஒரே மூச்சில் எடுத்து முடித்துவிடும் என்று டாக்டர் சொன்னார். உடம்பை வெட்டாமலே வெட்டிப் பார்ப்பது. அம்மா வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்குவாளே, அப்படிக் கழுத்திலிருந்து வயிறுவரை என்னை நறுக்கி, அந்த வட்டங்களைக் கம்ப்யூட்டரில் மறுபடி அடுக்கி, நெட்டுவாக்கிலும் காட்டினார்கள். விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டி டாக்டர் விரல் வைத்துச் சொன்னது எனக்கு அப்படியே இருக்கிறது. "இதுதான் உங்க உணவுக்குழாய். சுவரு இங்க தடிச்சிருக்கு பாருங்க, அதான் கட்டி. இந்தா வட்டமா இருக்கு பாருங்க, இது ஒடம்புக்கே பெரிய ரத்தக்குழா. ரெண்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு போவுதுல்ல? அது கொழுப்பு. இங்க தெளிவா இருக்கு. இந்த எடத்துல மங்கிப்போச்சு. மருந்தும் கரண்டும், அதான் ரேடியேஷன், குடுத்துப் பாப்போம். கட்டி சுருங்கி, கோடு தெளிஞ்சா, எடுத்துடலாம்."

உனக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்கு உடனே புரிந்தது. வரப்பு. இரண்டு பேர் நிலத்துக்கு நடுவே வரப்பு. உன் அம்மாவுடைய அண்ணன் வெங்காயக் காட்டுக்குப் பக்கத்தில் ஒரு பங்காளி, ஒவ்வொரு உழவிலும் வரப்பை ஒரு கொத்து, ஒரு கொத்து என்று தன் பக்கம் வெட்டிக்கொண்டே வருவானே, அவன்தான் இந்தக் கட்டி. வரப்பு தெரிகிறவரை வழக்குப் பேசலாம். வரப்பே இல்லையென்றால் எது யார் நிலம் என்று எவன் சொல்வான்? மருந்து ஏறியபோதும், தினம் பஸ்ஸில் போய்க் கரண்டு வைத்துக்கொண்டபோதும், தொண்டையெல்லாம் நெருப்பாக எரிந்தபோதும் நான் நினைத்துக்கொண்டது அந்த வரப்பை மட்டும்தான். கண்ணை மூடினால் கறுப்புக் கோடு. கடையில் வயரைப் பார்த்தால் கறுப்புக் கோடு. இப்போது எழுதுகிற இந்தத் தாளில்கூட.

இரு, யாரோ வருகிறார்கள்.

வந்துவிட்டேன். ஆடிக் கூழ் ஊற்றுவதற்குக் குழாய் கேட்டு வந்தவன். என்னைப் பார்த்ததும் முழித்தான். "அண்ணே, என்னண்ணே ஒடம்பு பாதியாயிடுச்சு?" "மீதிப் பாதி சர்வீசுக்குப் போயிருக்குடா." "அனவுன்சு நீங்கதானே பண்ணுவீங்க?" "பின்ன, உங்க அம்மாவா பண்ணும்?" அவன் சிரித்தான். ஆனால் போகும்போது குழாயைத் தூக்க என்னை விடவில்லை. தானே தோளில் வைத்துக்கொண்டு, "நீங்க உக்காருங்கண்ணே" என்றான். என் வாய் ஜெயித்தது, உடம்பு தோற்றது. அவன் போன பிறகு கடைக்குள் நாலு தடவை நடந்தேன். எதற்கு நடந்தேன் என்று கேட்காதே.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். நீ வருகிறேன் என்றாய், நான்தான் வேண்டாம் என்றேன். "பத்திரிகை வைக்கிற வேலையப் பாருடா, படுத்துக் கெடந்து எழுந்திரிக்கிறதுக்கு எனக்கு எதுக்குத் தொணை?" உன் அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். அவளையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டேன். உள்ளே படுக்க வைத்து, கையில் ஊசி குத்தி, ஒரு மருந்தை ஏற்றினார்கள். அது ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகி, வேட்டியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டது போல இருக்கும். போகவில்லை, தொட்டுப் பார்த்துக்கொண்டேன். படுக்கை வளையத்துக்குள் போனது. மேலேயிருந்து ஒரு ஸ்பீக்கர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் மைக்கில் சொன்னாள்: "மூச்ச நல்லா இழுங்க... புடிச்சுக்குங்க... அசையாதீங்க." கொஞ்சம் இரைச்சல், ட்ரெபிள் அதிகம், நான் வைத்தால் இன்னும் தெளிவாக இருக்கும். எத்தனையோ கூட்டத்தை மைக்கில் உட்கார், எழுந்திரு, ஒதுங்கு என்று ஆட்டிவைத்தவன், அங்கே இன்னொருவர் மைக்குக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தேன்.

மூச்சு பிடிப்பதில் எனக்கு ஈடு யார்? நாளைக்கு உன் மனைவி கேட்டால் சொல். சின்ன வயதில் கிணற்றில் குதித்து, அடியில் பம்புசெட் குழாயைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே வராமல் இருப்பேன். மேலே கூட்டாளிகள் முதலில் சிரிப்பார்கள், பிறகு பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், கடைசியில் அழ ஆரம்பிப்பார்கள். "செத்துட்டான்டா, அவுங்கப்பாவ கூப்பிடுங்கடா!" அப்போதுதான் மேலே வந்து பல்லைக் காட்டுவேன். காதுகுத்து அழைப்பில் தாய்மாமன் முதல் தாயாதி வரை அத்தனை பேர்களையும் ஒரே மூச்சில் படித்துக் கைத்தட்டு வாங்கியவன். ஆனாலும் படம் கலங்கிவிட்டது. சரியாக அந்த வரப்பு இருக்கிற இடத்தில். டாக்டர் உற்று உற்றுப் பார்த்தார். "கட்டி சின்னதான மாதிரிதான் இருக்கு. ஆனா இந்தக் கோட்ட என்னால சொல்ல முடியல. நடுவுல மூச்ச விட்டுட்டீங்களா?" நான் நெஞ்சை நிமிர்த்தி, "நானா? கெணத்துக்கு அடியில மூச்சப் புடிச்சுக்கிட்டு நெல்லையே காயவைக்கிற ஆளு சார் நான். ஒங்க மெஷினுதான் இருமியிருக்கும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, ரத்தம் சோதித்து, கொஞ்ச நாள் விட்டு மறுபடி எடுப்போம் என்றார். அதையேதான் உனக்கும் போனில் சொன்னேன். நீ நம்பினாய். நம்பித்தான் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் போனில் சண்டை போட்டிருக்கிறாய்.

இன்னொன்று சொல்லவேண்டும். சுற்றி வளைக்கிறேன் என்று தெரிகிறது. நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலம், அரியலூர்ப் பக்கம் ஒரு திருவிழாவுக்குச் செட் போட்டிருந்தோம். நான் டீ குடிக்கப் போன நேரத்தில், வழியை மறித்து நின்ற ஒரு டிராக்டரை எடுக்கச் சொல்லி நீ மைக்கில் பேசினாய். அப்போதுதான் உனக்குக் குரல் உடைகிற வயது. பாதி வார்த்தை உச்சியில், பாதி பாதாளத்தில். நான் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கி, "இப்பொழுது ஒலித்த இரண்டு குரல்களைத் தொலைத்தவர்கள், தக்க அடையாளம் கூறி மேடையில் பெற்றுக்கொள்ளவும்" என்றேன். திடலே சிரித்தது. நீயும் சிரித்தாய் என்றுதான் இத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். என்னுடைய நல்ல தமாஷ்களில் அது ஒன்று என்று நினைப்பு. அதற்குப் பிறகு நீ மைக்கைத் தொடவே இல்லை. உனக்கு எலக்ட்ரானிக்ஸ் பிடிக்கவில்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். போன வாரம்தான், எனக்கு மேலே ஒரு ஸ்பீக்கர் தொங்கி, பதில் பேசக் கூடாது என்று சொன்ன பிறகுதான், மைக் இல்லாத பக்கத்தில் இருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

கல்யாணம் செய்துகொள்ளப்போகிறவனுக்கு என்னிடம் இருப்பது இந்த ஒரே புத்திமதிதான். உனக்கு வரப்போகிறவள் "சாப்புட்டீங்களா?" என்று கேட்டால், சாப்பிட்டிருந்தால் ஆமாம் என்று சொல், முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல். நடுவில் ஒரு தமாஷை வைக்காதே. சிரிக்க வைக்கிறவனை எல்லோருக்கும் பிடிக்கும்; ஆனால் அவனுக்கு வலிக்கிறதா என்று ஒருவரும் திரும்பக் கேட்கமாட்டார்கள், கேட்கவிடாமல் அவனேதான் செய்துவைத்திருப்பான். அவள் சிரித்தபடி சொல்வதையும் அப்படியே நம்பிவிடாதே. அவள் உன் சட்டைப்பையைப் பார்க்கட்டும், நீ அவள் தட்டைப் பார்.

சரி. தாள் முடியப்போகிறது. அம்மா உள்ளிருந்து, "இன்னுமா எழுதுறீங்க, அவன் என்ன கலெக்டரா?" என்கிறாள். முதலில் அந்த இட்லி. ஒரு வாய் நான் சாப்பிட்டேன். அதுவும் மோரில் கரைத்து. கரண்டு வைத்த புண் ஆற நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பயப்படாதே. மீதியை அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பியபோது, விழாவைச் சிறப்பித்த அந்தக் காக்கைதான் சாப்பிட்டது. சட்னியோடு.

அப்புறம் அந்த மெஷின். அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை, தம்பி. அந்தப் பெண் மேலும் இல்லை. அவளுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேள். "புடிச்சுக்குங்க" என்று அவள் சொன்னதும் மூச்சைப் பிடித்தேன். அதற்குப் பிறகு ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. கிணற்றுக்கு அடியில் அன்றைக்கு என்னால் அவ்வளவு நேரம் இருக்க முடிந்தது, மேலே என் பேரைச் சொல்லி அழ ஆட்கள் இருந்ததால்தான் என்று அந்த வளையத்துக்குள் தெரிந்தது. முதல் ஸ்கேனில் கண்ணாடி வழியாக உன் சட்டை தெரிந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை எல்லோரையும் தமாஷ் சொல்லியே வெளியே அனுப்பிவிட்டு வந்து படுத்திருக்கிறேன், மேலே ஒருவரும் இல்லை. பயந்துவிட்டேன்டா. அசையாதே என்று சொன்ன இடத்தில், வாயைத் திறந்து உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். சத்தமாக. டாக்டர் விரல் வைத்துக் காட்டினாரே, கலங்கலாக ஒரு இடம், அது மெஷின் கோளாறும் இல்லை, கட்டியும் இல்லை. உன் பேர்தான்.

நேற்று அந்தப் பெண்ணிடம் போனில் கேட்டேன், என் மகன் அந்த மைக்கில் பேசலாமா என்று. "நான் பட்டனை அழுத்தறேன், அவரு சொல்லட்டும் அய்யா" என்றாள். வியாழக்கிழமை காலை வெறும் வயிற்றோடு இருப்பேன். வா. குரல் உடைந்தாலும் பரவாயில்லை. மூச்சைப் பிடிக்கச் சொல், பிடிக்கிறேன். நீ விடச் சொல்லும்வரை விடமாட்டேன்.